ஒரு நாளைக்கு எவ்வளவு புல்?

ஒரு கிலோமீட்டர் சாலை. இருபுறமும் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. அதை வெட்ட எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு செலவாகும்?

கணக்கு எளிதுதான். மொத்தப் பரப்பு 4,000 சதுர மீட்டர். ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டும் பரப்பால் இதை வகுத்தால் எத்தனை ஆள்நாள் என்று தெரிந்துவிடும். கூலியால் பெருக்கினால் எஸ்டிமேட் தயார்! ஆனால் "ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டும் பரப்பு" என்ற எண் எங்கிருந்து வந்தது? அதை யார் தீர்மானித்தார்கள்? அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் வேலை கொடுப்பவருக்கு லாபம். இறக்கினால் வேலை செய்பவருக்கு மூச்சு விட நேரம். இந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

நாளே அளவுகோல்

இங்கிலாந்தின் சில பகுதிகளில் புல்வெளியை 'டேமாத்' என்ற அளவால் குறித்தார்கள். 'மாத்' என்றால் புல் அறுப்பு. ஒரு ஆள் ஒரு நாளில் அறுக்கும் பரப்பே ஒரு டேமாத். ஏறத்தாழ ஒரு ஏக்கர். (பின்விளைவு என்ற பொருளில் இன்று நாம் கேட்கும் 'ஆஃப்டர்மாத்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தான். முதல் அறுப்புக்குப் பிறகு முளைக்கும் புல் என்பதே அதன் பழைய பொருள்.) தெற்கு ஜெர்மனியிலும் 'மான்ஸ்மாட்' என்று இதே போன்ற ஓர் அளவு இருந்தது.

கவனியுங்கள். இங்கே நிலத்தை அளந்து உழைப்பைக் கணக்கிடவில்லை. உழைப்பை வைத்து நிலத்தை அளந்தார்கள். அந்த ஒரு நாளுக்குள் எல்லாமே அடக்கம். ஆள் உயரப் பிடி கொண்ட அரிவாளை நின்றபடி வீசி அறுப்பார்கள். பனி ஈரம் இருக்கும்போது புல் நன்றாக அறுபடும் என்பதால் விடியற்காலையிலேயே தொடங்குவார்கள். நடுநடுவே நின்று கல்லில் கத்தியைத் தீட்டுவார்கள். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு ஏக்கர். தீட்டும் நேரத்துக்குத் தனியாகக் கழிவு போட வேண்டியதில்லை.

நம் ஒரு கிலோமீட்டர் சாலையின் 4,000 சதுர மீட்டரும் ஏறத்தாழ ஒரு ஏக்கர்தான். அதாவது அந்தக் காலக் கணக்கில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை.

எட்டுப் பேர் வேலையை இரண்டு பேர்

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. லண்டன் ரீஜண்ட் பூங்காவில் உள்ள விலங்கியல் தோட்டத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள, அரிவாளும் துடைப்பமும் கொண்டு ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையை இருவரே முடித்ததாக அங்கிருந்த மேற்பார்வையாளர் சொன்னார். இயந்திரத்தின் மதிப்பை அது மிச்சப்படுத்தும் ஆட்களின் எண்ணிக்கையால் சொல்லும் பழக்கம் அன்றே இருந்தது.

ஸ்டாப்வாட்ச் வருகிறது

காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பவர்களுக்கு 'ஸ்டாண்டர்ட் டைம்' என்ற சொல் பழக்கமானது. அதன் பின்னால் நிற்பவர் அமெரிக்கர் ஃபிரெடரிக் டெய்லர். பெத்லஹேம் இரும்பாலையில் ஒரு ஆள் ஒரு நாளில் 12.5 டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அறிவியல் முறையில் ஆராய்ந்து அதை 47.5 டன்னாக உயர்த்தியதாக டெய்லர் எழுதினார். கூலி உயர்ந்தது 1.15 டாலரிலிருந்து 1.85 டாலருக்கு. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல்!

பழைய ஆவணங்களைத் தோண்டிய ரெக், பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள், டெய்லர் சொன்ன கதையில் நிறைய ஜோடனை இருப்பதாக 1974இல் எழுதினார்கள். பலசாலிகளை முழு வேகத்தில் வேலை செய்யவைத்து அளந்து, ஓய்வுக்கென்று 40 சதவீதம் கழித்து வந்த எண்ணே அந்த நாள் அளவு. அந்த 40 சதவீதத்துக்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. டேமாத்தில் தானாகவே அடங்கியிருந்த ஓய்வு, இங்கே மேலாளர் போடும் ஒரு சதவீதமாகிவிட்டது.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1911இல் அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் ஸ்டாப்வாட்ச்சை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. நாடாளுமன்ற விசாரணை வந்தது. பிறகு 1915 முதல் 1949 வரை ராணுவ நிதியில் ஸ்டாப்வாட்ச் கொண்டு ஆட்களை அளக்கக் கூடாது என்ற தடை இருந்தது.

மீண்டும் சாலையோரம்

இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் 'லெங்த்மேன்' என்று ஒருவர் இருப்பார். சில மைல் நீளச் சாலை அவர் பொறுப்பு. பள்ளம் அடைப்பது, வடிகால் தூர்வாருவது, ஓரத்துப் புல்லை அறுப்பது எல்லாம் அவரே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிராக்டர் வந்து அவர் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவிலோ 1956ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. சாலை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு அதன் ஓரமும் உண்டு அல்லவா?

டிராக்டர் கணக்கு இப்படிப் போகும். வெட்டும் அகலம் 1.5 மீட்டர், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 6,000 சதுர மீட்டர். திரும்புவது, தடைகளைச் சுற்றுவது எல்லாம் போக 70 சதவீதம் என்று வைத்தால் 4,200. ஒரு நாள் ஏக்கர் ஒரு மணி ஏக்கராகிவிட்டது! ஆனால் அந்த ஒரு மணிக்குள் ஓட்டுநர் கூலி, டீசல், கத்தி, பழுது, தேய்மானம் எல்லாம் வர வேண்டும். கைகாட்டிக் கம்பத்தைச் சுற்றியும் தடுப்புக் கம்பிக்கு அடியிலும் டிராக்டர் போகாது. அங்கே இன்னமும் கையால்தான் வெட்ட வேண்டும். பரப்பில் அது சிறியது, நேரத்தில் பெரியது. பரப்பை மட்டும் பார்த்து எஸ்டிமேட் போட்டால் அந்த ஆளின் நேரம் கணக்கில் விடுபட்டுப் போகும்.

வெட்டத்தான் வேண்டுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நெடுஞ்சாலைத் துறை 1932இல் ஜாக் கப்பல்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரை வேலைக்கு எடுத்தது. 1934 வாக்கில், பாதுகாப்புக்கு அவசியமான இடங்கள் தவிர மற்ற இடங்களில், காட்டுப்பூக்கள் பூத்து முடியும்வரை புல் வெட்டுவதைத் தள்ளிப்போட அங்கே விதி வந்துவிட்டது. விதை முற்றி விழுந்தால் அடுத்த ஆண்டும் பூ. வெட்டும் தடவையும் குறைந்தது. ஆண்டுக்கு மூன்று முறை வெட்டுவதை இரண்டாக்கினால் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எந்த ஸ்டாப்வாட்ச்சும் ஒரு ஆளை விரட்டாமலே கிடைத்த மிச்சம் அது. ஆனால் குறைந்த அந்த ஒரு தடவை யாரோ ஒருவருடைய வேலைநாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை ஏதாவது ஒரு எஸ்டிமேட்டில் 'ஒரு ஆள், ஒரு நாள், இவ்வளவு' என்ற வரியைப் பார்த்தால், அதில் கத்தி தீட்டும் நேரமும் தண்ணீர் குடிக்கும் நேரமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.