பாரிஸ் 1900: ஒரு மூலையில் மாட்டிய அறுபது போஸ்டர்கள்

எம்.டெக்., பிஎச்.டி. பண்றவங்களுக்குப் போஸ்டர் செஷன்னா என்னன்னு தெரியும். பெரிய ஹால், வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஏ ஜீரோ தாள். பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டோடு ஒருவர், யாராவது நிற்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வர்றவங்கள்ல பாதிப் பேர் காபி இருக்கிற பக்கம் போயிடுவாங்க.

நடந்துபோகிற ஆளை நிறுத்தணும். நின்றவருக்குச் சில நொடிகளில் விஷயம் புரியணும். புரிந்தவர் ஒரு கேள்வி கேட்கணும். போஸ்டரோட வேலை இவ்வளவுதான். இதை 1900-லேயே, ஃபோட்டோஷாப்பும் பவர்பாயின்ட்டும் இல்லாத காலத்தில், பிரமாதமாகச் செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்த எபிசோட். அவருக்கு அது மதிப்பெண் விஷயம் இல்லை. தன் மக்கள் மனிதர்கள்தான் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டிய விஷயம்.

அட்லாண்டாவில் ஒரு ஆய்வாளர்

அவர் பெயர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1868-ல் பிறந்தவர். 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர். 1897-லிருந்து அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அடிமை முறை ஒழிந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் தென் மாநிலங்களில் ஓட்டு, பள்ளிக்கூடம், ரயில் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் கறுப்பின மக்களைத் தள்ளி வைக்கிற சட்டங்கள் வந்துகொண்டிருந்தன.

டு பாய்ஸின் அன்றைய நம்பிக்கை ரொம்ப எளிமையானது: இனவெறிக்குக் காரணம் அறியாமை. சரியான தரவைக் காட்டினால் அறியாமை போயிடும். நம்மள மாதிரி இன்ஜினியர்களுக்கு ரொம்பப் பிடிச்ச நம்பிக்கை இது. லாக் ஃபைலைக் காட்டிட்டா எல்லாரும் பக் எங்கேன்னு ஒத்துக்குவாங்கன்னு நினைப்போமே, அதே மாதிரி.

1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பின விவசாயக் கூலியை ஒரு கும்பல் கொடூரமாகக் கொன்றது. உண்மைகளை எடுத்துச் சொல்லும் ஒரு கடிதத்தோடு டு பாய்ஸ் பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போனார். போகும் வழியில், கொல்லப்பட்டவரின் விரல் மூட்டுகள் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டார். இப்படியெல்லாம் நடக்கும்போது அமைதியான, ஒட்டுதல் இல்லாத விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று பின்னாளில் எழுதினார். அடுத்த மாதமே அவருடைய சின்னப் பையன் நோயில் இறந்துபோனான்.

இந்த நிலைமையில்தான் பாரிஸ் வேலை வந்து சேர்ந்தது. 1900-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. சுமார் 5 கோடிப் பேர் வந்துபோன நிகழ்ச்சி அது. அங்கே அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு பகுதி அமைக்க தாமஸ் காலவே என்ற வழக்கறிஞர் ஏற்பாடு செய்தார். டு பாய்ஸ் அவருக்குத் தெரிந்தவர். உதவி கேட்டார். கையில் இருந்தது சில மாதங்கள்தான்.

போஸ்டரைத் திறந்து பார்க்கலாம்

மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு டு பாய்ஸ் சுமார் 60 வரைபடங்களைத் தயாரித்தார். எல்லாம் கையால், மையிலும் வண்ணத்திலும். ஒவ்வொன்றும் சுமார் 22-க்கு 28 அங்குலம். இன்றைய ஏ ஜீரோ தாளில் பாதிகூட வராது. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஜார்ஜியாவின் கறுப்பின மக்கள் 1890-ல் எங்கே வாழ்ந்தார்கள் என்பது. பெரிய நகரங்களில் 78,139 பேர். நடுத்தர ஊர்களில் 8,025. சின்ன ஊர்களில் 37,699. கிராமங்களில் 7,34,952. சாதாரண பார் சார்ட்டாகப் போட்டால் கடைசிக் கோடு தாளை விட்டு வெளியே ஓடிடும். ஸ்கேலைக் குறைத்தால் 8,025 கண்ணுக்கே தெரியாது. டு பாய்ஸ் குழு என்ன செய்தது தெரியுமா? கடைசிக் கோட்டை வளைத்து, தாளின் நடுவில் பெரிய சிவப்புச் சுருளாகச் சுற்றிவிட்டது. இன்றைய டேட்டா விஷுவலைசேஷன் ஆட்கள் சிலர் இதைத் திட்டலாம். சுருளின் நீளத்தைக் கண்ணால் அளக்க முடியாதுதான். ஆனால் எண்களைக் கோடுகளோடு சேர்த்தே எழுதியிருந்தார்கள். சுருளோட வேலை அளவு சொல்றது இல்லை. போறவரை நிறுத்துறது.

இரண்டாவது, எழுத்தறிவின்மை. அமெரிக்கக் கறுப்பின மக்களில் எத்தனை சதவீதம் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் போட்டிருந்தால், பாரிஸில் பார்க்கிறவருக்கு அது வெறும் எண். அதனால் ருமேனியா, செர்பியா, ரஷ்யா, ஹங்கேரி, இத்தாலி என்று ஐரோப்பிய நாடுகளோடு ஒரே வரிசையில் வைத்தார். மற்றவை பச்சை, கறுப்பின அமெரிக்கர்கள் மட்டும் சிவப்பு. ருமேனியாவிலும் செர்பியாவிலும் ரஷ்யாவிலும் நிலைமை அதைவிட மோசம் என்பது பார்த்தவுடனே தெரியும். யாரிடம் பேசுகிறோமோ அவருடைய அளவுகோலில் பேசுவது என்றால் இதுதான். தலைப்பையும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுதினார்.

மூன்றாவது, 1790 முதல் 1870 வரை அடிமைகளும் சுதந்திர மனிதர்களும். தாள் முழுக்க ஒரு கறுப்பு மலை. அதற்கு மேலே மெல்லிய பச்சைப் பட்டை. 1790-ல் சுதந்திரமாக இருந்தவர்கள் 8 சதவீதம், 1860-ல் 11 சதவீதம். எழுபது வருடமாக அந்தப் பச்சை ஏறக்குறைய அசையவே இல்லை. 1870-க்கு வரும்போது சடாரென்று கீழே இறங்கி முழுசும் பச்சையாகிறது. ஒரு தாளில் ஒரே ஒரு விஷயம். விளக்கப் பத்தி தேவைப்படவே இல்லை.

இன்னும் வேணும்னு கேட்கிறவங்களுக்கும் பதில் தயாராக இருந்தது. ஜார்ஜியாவில் கறுப்பின மக்கள் மீது போடப்பட்ட சட்டங்களைக் கையால் எழுதித் தொகுத்த மூன்று தொகுதிகள், 363 புகைப்படங்கள் கொண்ட ஆல்பங்கள், கறுப்பின எழுத்தாளர்களின் சுமார் 200 புத்தகங்கள் எல்லாம் அதே மூலையில் இருந்தன. இன்னைக்கு நாம போஸ்டர் ஓரத்தில் க்யூஆர் கோட் ஒட்டுறோம். அவர் அலமாரியே வெச்சிருந்தார்.

வேலை முடிந்தபோது டு பாய்ஸ் உடைந்துபோகும் நிலையில் இருந்தார். டிக்கெட்டுக்குக்கூடப் பணம் மிச்சமில்லை. தான் நேரில் போகாவிட்டால் இது வீணாகிவிடும் என்று தோன்றியதால், கடைசி நிமிடத்தில் கப்பலின் மலிவான அடித்தட்டு வகுப்பில் இடம் வாங்கி, பாரிஸ் போய், தானே அமைத்தார்.

நடுவில் என்ன ஆச்சு?

கல்வி மாநாடுகளில் இன்று நாம் பார்க்கும் போஸ்டர் செஷன் ரொம்பப் பின்னால் வந்தது. ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு 1969-ல் மாட்ரிட்டில் நடத்திய மாநாட்டில் அது தொடங்கியது. அமெரிக்காவில் 1974-ல், மினியாபோலிஸில். கட்டுரைகள் பெருகிவிட்டன, மேடையில் நேரம் போதவில்லை. சுவரில் மாட்டினால் ஒரே நேரத்தில் நூறு பேர் பேசலாம். கேட்பவரும் திருப்பிப் பேசலாம். அந்த உரையாடல்தான் போஸ்டரோட பலம்.

அப்புறம் 1987-ல் பவர்பாயின்ட். 1990-களில் பெரிய தாளில் அச்சடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்கள். தனித்தனித் தாள்களைப் பின் குத்தி ஒட்டிய காலம் போய், ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்கும் வசதி வந்தது. திணிச்சோம். ஆய்வுக்கட்டுரையையே பெருசாக்கிச் சுவரில் ஒட்டினோம். 2019-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவராக இருந்த மைக் மாரிசன் ஒரு யூடியூப் கார்ட்டூன் போட்டார்: கண்டுபிடிப்பை எளிய மொழியில், பெரிய எழுத்தில் நடுவில் போடு, மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போகட்டும். அது உலகம் முழுக்கப் பரவியது. நடுப்பகுதியை வீணடிக்கிறோம், வரைபடங்களுக்கு இடமில்லை என்று எதிர்ப்பும் வந்தது. டு பாய்ஸின் தாள்களைப் பார்த்தால் இந்தச் சண்டைக்கு ஒரு வழி தெரியும்: நடுவில் இருக்க வேண்டியது வாக்கியமா படமா என்பது இரண்டாம் பட்சம். ஒன்றே ஒன்று இருக்கணும், அவ்வளவுதான்.

அப்போ, அது வேலை செஞ்சுதா?

அந்த மூலைக்குக் கண்காட்சியின் உயரிய பரிசான கிராண்ட் பிரி கிடைத்தது. டு பாய்ஸுக்குத் தங்கப் பதக்கம். ஆனால் 1906-ல் அதே அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல்கள் நாள் கணக்கில் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றன. 1908-ல் ஜார்ஜியா தன் அரசியலமைப்பைத் திருத்தி, பெரும்பாலான கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்தது. 1910-ல் டு பாய்ஸ் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராகப் போனார். தரவைக் காட்டினால் மட்டும் போதும் என்ற பழைய நம்பிக்கை அவரிடம் அப்போது இல்லை. கூடவே தினமும் பேசணும், வாதாடணும், ஆட்களைத் திரட்டணும் என்று தெரிந்திருந்தது.

அதனால் போஸ்டர் வீண் என்று நான் சொல்லல. அது ஒரு ஆளை நிறுத்தும், ஒரு கேள்வியைக் கேட்க வைக்கும். அதுக்கு மேல பக்கத்துல நிக்கிறவர் வேலை. அடுத்த மாசம் உங்களுக்கு போஸ்டர் செஷன் இருந்தால், பிரிண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் ஐந்து நொடி காட்டிட்டு மூடிடுங்க. "என்ன புரிஞ்சுது?"ன்னு கேளுங்க. அவர் சொல்றதும் நீங்க சொல்ல வந்ததும் வேறயா இருந்தா, மாத்த வேண்டியது ஃபான்ட்டை இல்லை.

டு பாய்ஸ் குழுவின் வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவர்கள் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அந்தச் சிவப்புச் சுருளை மட்டுமாவது பெரிய திரையில் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.