சின்னாளபட்டியும் டெரிலினும்

கஜம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் முழிக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஜவுளிக்கடையின் சாய்வு மேசையும், கடைக்காரர் கையில் இருந்த இரும்புக் கோலும், துணியைக் கிழிக்கும்போது வரும் 'சர்'ரென்ற சத்தமும் ஞாபகம் வரும். ஒரு கஜம் 36 அங்குலம். 1960களின் தொடக்கத்தில் மீட்டர் வந்தது. அது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 1957 ஏப்ரலில் வந்த நயா பைசாவுக்கே அப்போதுதான் பழகியிருந்தோம். "கோலை மூணு விரக்கடை நீட்டிட்டு விலையை ஒரு முழம் நீட்டிட்டான்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ரவிக்கைத் துணி எடுக்கவும் மனதுக்குள் மீட்டரைக் கஜமாக்கி, பைசாவை அணாவாக்கி, அதன் பிறகுதான் பேரம் பேசுவார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் சின்ன வருமானத்தில் நாலு பேர் முன்னால் நன்றாக உடுத்திக்கொண்டு நின்றது எப்படி என்பதை எழுதலாம் என்று பல நாளாக நினைப்பு. 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகு இங்கே நெல் வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது. மேலே மலையில் ஏலக்காய். ஆனால் கையில் காசு புரள்வது அறுவடை நேரத்தில் மட்டும்தான். அதனால் துணி எடுப்பது வருடத்துக்கு இரண்டு தடவை: தீபாவளிக்கு ஒன்று, ஊர்ச் சாமி கும்பிடுக்கு ஒன்று. வளையல், பாசி, ரிப்பன், சாந்துப் பொட்டெல்லாம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கடைகளில். மதுரைக்குப் போவது கல்யாண ஜவுளிக்கு மட்டும்.

அப்பாவுக்குத் துணி என்றாலே யுத்த காலம்தான் நினைவு. 1928இல் வந்த மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளத்தை அந்த யுத்தத்தின்போது பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். அதே யுத்தம் துணியையும் கொண்டுபோனது. 1943இல் துணி, நூல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, மில் துணியில் விலையை முத்திரை குத்தச் சொன்னார்கள். முத்திரை இருந்தது, துணி இல்லை. 'கண்ட்ரோல் துணி' என்று பெயர்; காடாவுக்கும் கோணிக்கும் நடுவில் ஒரு ரகம். அதை உடுத்திய தலைமுறைக்குப் பளபளப்பின் மேல் அப்படியொரு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த ஆசையைத் தீர்த்து வைத்தது சின்னாளபட்டி. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டிய நெசவாளர் ஊர். பட்டுப்புழுவின் நூல் இல்லாமல், மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான் நூலில் பட்டுப் போலவே மினுமினுக்கும் சேலை நெய்தார்கள். காஞ்சிபுரத்துக்குக் கையெட்டாத குடும்பங்களுக்கு அதுதான் பட்டு. ஏழைகளின் பட்டு என்றே பெயர் வந்துவிட்டது. ஒரே ஒரு சங்கடம்: ரேயான் நூல் ஈரமானால் பலம் குறைந்துவிடும். தெரிந்தவர்கள் அடித்துத் துவைக்காமல் அலசிப் போடுவார்கள். தெரியாதவர்கள் இரண்டு தடவையில் கிழித்துவிடுவார்கள்.

எங்கள் அக்காவுக்கு 1963இல் கல்யாணம். அந்த வருடம் பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பதினாலு காரட் நகை போட்டு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? ஊர் ஊராகப் பொற்கொல்லர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்தார்கள். (அந்தச் சட்டம் முழுதாகப் போனது 1990இல்தான்.) அப்பா ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதுபவர். பழைய நகையைப் போட்டனுப்பத் தடையில்லை என்பதால், அம்மா தன் கழுத்திலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அக்காவுக்குப் போட்டார். அதன்பின் அம்மா போட்டது சிதம்பரம் கவரிங். அதைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுத்ததில்லை.

சேலை எடுக்க மதுரைக்குப் போனோம். எனக்கு அப்போது பதிமூன்று வயது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். காஞ்சிபுரம் விலையைக் கேட்டு அப்பா ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்காதான், "எனக்கு இந்த அரக்கு சின்னாளபட்டியே போதும்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ரவிக்கை தைக்கப் புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும். காலையில் கொடுத்தால் சாயங்காலம் கையில். இப்போது அந்தக் கடைகளை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள்.

முகூர்த்தத்தில் அக்காவைப் பார்த்தவர்கள் எல்லோரும் பட்டு என்றுதான் நினைத்தார்கள். மறுவீட்டில்தான் ஒரு பெரியம்மா முந்தானையை விரலில் பிடித்துப் பார்த்து, "பட்டுன்னாங்க, இது வழுக்குதே தாயி" என்றாராம். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்களாம். இதை அக்கா எங்களிடம் சொன்னது அப்பா காலமான பிறகு. அப்பா இருந்தவரை வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு, அதாவது ஆண்பிள்ளைகளுக்கு, தீபாவளிச் சட்டை ஒரே பீஸில் கிழித்தது. அண்ணன் தம்பி மூன்று பேரும் தெருவில் போனால் பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி இருக்கும். "வளர்ற பிள்ளைக, அளவு விட்டுத் தைங்க" என்று அம்மா சொன்னதைத் தையல்காரர் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வார். கால்சட்டை முதல் வருடம் முழங்காலுக்குக் கீழே, மூன்றாம் வருடம் தொடைக்கு மேலே. நடுவில் ஒரு வருடம்தான் சரியாக இருக்கும். பெண்பிள்ளைகளின் பாவாடையில் இரண்டு மடிப்பு உள்ளே தைத்து, வருடம் ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். மடிப்பு பிரித்த இடத்தில் சாயம் வெளுக்காத ஒரு கோடு தெரியும். அதை மறைக்க மேலே ஒரு ரிப்பன் வைத்துத் தைத்தால் அதுவே புது மாடல்.

பிறகு வந்தது டெரிலின். 1941இல் இங்கிலாந்தில் இரண்டு ரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்த பாலியஸ்டர் நூல், 1960களின் நடுவில் தானே பக்கத்து ஆலையிலேயே தயாராகத் தொடங்கி, 'டெரின்' என்ற பெயரில் இங்கும் பரவியது. வரி அதிகம் என்பதால் விலையும் அதிகம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியில் நான் சேர்ந்தபோது அப்பா எனக்கு ஒரு டெரிலின் சட்டை வாங்கித் தந்தார். மூன்று பருத்திச் சட்டைக்கான பணம் அது. மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். அப்பா கணக்கெழுதுபவர். பருத்திச் சட்டைக்குக் கஞ்சி, சலவைக்கூலி, இஸ்திரிக்கூலி உண்டு. இரண்டு வருடத்தில் காலர் நைந்துவிடும். டெரிலினை ராத்திரி அலசிக் கொடியில் போட்டால் காலையில் மாட்டலாம். கல்லூரிப் படிப்பு முடிந்து ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோதும் அதே சட்டைதான். கம்பத்து வெயிலில் முதுகு வெந்தது என்பது தனி விஷயம்.

என் வகுப்பில் ஒரு நண்பன், ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டிக்காரன். வீட்டில் கைத்தறி, அப்பா, அம்மா இருவரும் நெசவு. லீவில் இவனும் தறிக்குழியில் இறங்குவான். என் சட்டைக் கையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நூல் மாதிரியே இல்லையேடா, ஆனா நல்லாருக்கு" என்றான். அடுத்த தீபாவளிக்கு அவனும் ஒன்று வாங்கிவிட்டான். பருத்திச் சேலை நெய்த கூலியில் வாங்கிய டெரிலின் சட்டை. அன்றைக்கு அது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

நானும் என்னைப் போன்ற லட்சம் பேரும் சட்டையை மாற்றினோம். சேலையிலும் நைலக்ஸ் வந்தது. தறிக்காரர்களுக்கு வேலை தேட அரசாங்கம் 1976இல் ஜனதா துணித் திட்டம் கொண்டுவந்தது. மலிவான சேலையைக் கைத்தறியில் நெய்யச் சொன்னது. 1983இல் எம்.ஜி.ஆர். இலவச வேட்டி சேலைத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவர் ஜெயித்த தொகுதி நம் ஆண்டிபட்டி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1985 ஜவுளிக் கொள்கை செயற்கை நூலுக்கு வழியைத் திறந்துவிட்டது. விமல் விளம்பரம் இல்லாத சுவர் இல்லை என்றானது. டெரிலின் பெருமை அத்தோடு போயிற்று. எல்லோரும் போடும் துணியில் என்ன பெருமை? சக்கம்பட்டியிலும் சுப்புலாபுரத்திலும் விசைத்தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

நான் ஆசிரியரான பிறகு கோ-ஆப்டெக்ஸ்தான். அரசு ஊழியர்களுக்குக் கடன் விற்பனை. தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சம்பளத்தில் மாதத் தவணை பிடிப்பார்கள். தீபாவளித் தள்ளுபடியும் சேர்ந்துகொள்ளும். என் மனைவிக்கு நல்ல சேலை எடுத்ததெல்லாம் அப்படித்தான். ஒரு தவணை முடிவதற்குள் அடுத்த தீபாவளி வந்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொள்வார்கள். மலைக்குளிருக்கும் செடி கீறாமலிருக்கவும். வீட்டுக்காரரின் பழைய டெரிலின் சட்டைகள் கடைசியாக ஏறிய மலை அதுதான். நைந்து போகாததால் பல சட்டைகள் உடையவரைவிட அதிக காலம் இருந்தன.

2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்த பிறகு, ஒரு நாள் ஆண்டிபட்டியில் இறங்கி நண்பன் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் மகனின் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பழைய தறிக்குழியை மூடி அதன்மேல் கட்டில் போட்டிருந்தார்கள். அவன் பாலியஸ்டர் கலந்த சட்டை போட்டிருந்தான். நான் தேனியில் அதிக விலை கொடுத்து எடுத்த கைத்தறிச் சட்டையில் போயிருந்தேன், பார்க்கட்டும் என்றுதான். உட்கார்ந்ததும், அன்று போலவே என் சட்டைக் கையை விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"அறுபதாம் நம்பர் நூலுன்னு சொல்லிக் குடுத்தானா?"

"ஆமா."

"இது நாற்பதுடா" என்று சொல்லிவிட்டுக் காபி போடச் சொல்ல உள்ளே போனான்.