இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை: அம்பாறைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

அறுகம்பேயிலிருந்து கல்முனை வரை நீளும் கரையோர மக்களின் அன்றாட வாழ்வு நிலத்தை ஒட்டியது. வயலிற் களை பிடுங்குவோர், கரைவலை இழுப்போர், மருதமுனையிற் தறியிலிருந்து நெய்வோர், பாய் விரித்துச் சகனைச் சுற்றியிருந்து உண்போர், பள்ளிவாசலில் சுஜூது செய்வோர் ஆகிய அனைவரிடமும் இவ்வாழ்வு இடுப்பு மூட்டின் முழு வளைவையும் வேண்டி நிற்கின்றது. அம்மூட்டுக் கெட்டால் இன்று செயற்கை மூட்டுப் பொருத்தலாம். ஆனால் அச்சிகிச்சை நாற்காலியில் அமரும் சமூகங்களில் உருவாகி வளர்ந்தது. அதன் வரலாற்றையும், அதனிடமிருந்து நோயாளர் எவற்றை எதிர்பார்க்கலாம் என்பதையும் இக்கரையில் நின்று நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணக்குழியும் அதனுட் சுழலும் தொடையென்பின் உருண்டைத் தலையுமாக அமைந்தது. குருத்தென்பு தேய்வதாலும், மூட்டுவாதத்தாலும், தலைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவதாலும், விழுந்து தொடையென்பின் கழுத்து முறிவதாலும் அது பயனிழக்கும். கிழக்கிலங்கையின் முறிவு வைத்தியர் கைமுறிவுக்கும் கீழ்க்கால் முறிவுக்கும் பத்துக் கட்டியும் சிம்பு வைத்தும் நற்பயன் கண்டவர்கள். ஆனால் தொடையென்பின் கழுத்து ஆழத்திலே, மூட்டின் உறைக்குள்ளே இருப்பது. அது முறியும்போது தலையை ஊட்டும் நுண்குழாய்களும் அறுபடக்கூடும். வெளியிலிருந்து எக்கட்டும் அதனை நிறுத்தமாட்டாது. எனவே முதியோர் விழுந்தபின் படுக்கையாகி, படுக்கைப் புண்ணாலும் நுரையீரல் அழற்சியாலும் இறப்பது வழமையாயிற்று. இதனை முறிவு வைத்தியரின் அறியாமையென இகழ்தல் பொருந்தாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை மேனாட்டு வைத்தியரும் இம்முறிவின்முன் ஏறத்தாழ இதே நிலையில் நின்றனர்.

மாற்று மூட்டுக்கான முயற்சி 1891 இல் பேர்ளினில் தெமிஸ்ரொக்கிள்ஸ் குளுக் யானைத்தந்தத்தைப் பயன்படுத்தியதோடு தொடங்கிற்று எனலாம். 1938 இல் இலண்டனில் பிலிப் வைல்ஸ் கிண்ணத்தையும் தலையையும் துருப்பிடியா உருக்கினாற் செய்து பொருத்தினார். அமெரிக்காவில் ஒஸ்ரின் மூர் தலையை மட்டும் மாற்றும் உலோக உறுப்பை உருவாக்கினார். தென்னாசிய வைத்தியசாலைகளில் முதியோரின் கழுத்து முறிவுக்கு நெடுங்காலம் பயன்பட்டது இதுவே. முழு மூட்டையும் நம்பத்தக்க வகையில் மாற்றியவர் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் சாண்லி ஆவார். 1950களின் பிற்பகுதியில் அவர் கையாண்ட ரெப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. பலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 1962 இல் அவர் உயர் மூலக்கூற்றுநிறைப் பொலிஎதிலீனைக் கையாண்டு வெற்றி கண்டார். அப்பொருள் லங்காஷயர் நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டு வந்தது என்பது சுவையான செய்தி. ஓர் ஆய்வுக்கூடத்துத் தனிமேதையின் படைப்பாக அன்றி, தொழிற்சாலையின் அறிவும் தோல்விகளிற் பெற்ற படிப்பினையும் கலந்தே இச்சிகிச்சை பிறந்தது.

இவ்வரலாற்றில் ஆசியாவின் பங்கு அடிக்கடி விடுபட்டுப் போகின்றது. பர்மாவின் மண்டலே பொது வைத்தியசாலையில் டொக்டர் சான் போ 1960 முதல் யானைத்தந்தத்தாற் செய்த தொடையென்புத் தலைகளைப் பொருத்தினார். முந்நூறுக்கு மேற்பட்டோர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். 1969 இல் இலண்டனில் அவர் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். இறக்குமதி உலோகத்துக்கு வசதியற்ற நாட்டில், கைக்கெட்டிய பொருளைக்கொண்டு அவர் செயற்பட்டார். தந்தம் இன்று ஏற்கத்தக்க பொருளன்று. ஆயினும் நடப்பதோடு நில்லாது குந்தியிருக்க முடிகின்றதா என்பதையும் அவர் வெற்றியின் அளவுகோலாகக் கொண்டமை நம் சிந்தனைக்குரியது. எச்சமூகத்தில் வாழ்கிறோமோ அச்சமூகத்தின் தேவையே சிகிச்சையின் அளவுகோல் ஆதல் வேண்டும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1946 இல் 43 ஆண்டுகள் அளவில் இருந்த சராசரி ஆயுள் 1970களின் தொடக்கத்தில் 65 ஐ எட்டியது. மூட்டுத் தேயுமளவுக்கு முதுமை எய்துதலே இலவசச் சுகாதார சேவையின் சாதனைகளுள் ஒன்றாம். ஆனால் அச்சாதனையின் அடுத்த படி எல்லோருக்கும் ஒரே தொலைவில் இருக்கவில்லை. விசேட என்பியற் சிகிச்சைக்காக மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் பயணஞ்செய்தல் இக்கரையோரத்தின் நீண்ட அனுபவமாகும்; 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் அப்பயணமே பேரிடராயிற்று. அன்றியும், சத்திரசிகிச்சை இலவசமாயினும் செயற்கை மூட்டு இறக்குமதிப் பண்டமாதலின், அதன் விலையைக் குடும்பமே தேட நேர்ந்த சந்தர்ப்பங்கள் பலவாம்.

சத்திரசிகிச்சைக்கு உட்படுவோர் எதிர்பார்க்கத்தக்கன எவை? பொதுவாக முதுகந்தண்டில் ஊசியேற்றி இடுப்புக்குக் கீழ் விறைக்கச் செய்தோ முழுமயக்கம் கொடுத்தோ ஒன்று முதல் இரண்டு மணிநேரத்தில் அது நிறைவுறும். மறுநாளே தாங்கியின் துணையோடு நடக்கச் செய்வர். சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆறு வாரமளவில் பெரும்பாலோர் இலகுவான வேலைகளைச் செய்வர். முழுப் பலம் மீள ஓராண்டும் செல்லலாம். பழைய மூட்டுவலி பெரும்பாலும் அகலும். எனினும் கிருமித்தொற்று, காலின் நாளத்திற் குருதி உறைதல், தலை கிண்ணத்தினின்று நழுவுதல், காலின் நீளம் சற்று வேறுபடல் ஆகியன சிலருக்கு ஏற்படக்கூடும். கெண்டைக்கால் வீங்கி நோதல், காய்ச்சல், காயத்தில் நீர் கசிதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே வைத்தியசாலையை நாடவேண்டும். செயற்கை மூட்டு என்றும் அழியாததன்று. 2019 இல் வெளியான ஆய்வொன்று நூற்றுக்கு ஏறத்தாழ 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைப்பதாக மதிப்பிட்டது.

இக்கரையில் மிக முக்கியமான வினா வேறொன்று: மீண்டும் நிலத்தில் இருக்கலாமா? தொடக்க வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடித்தல், காலைக் குறுக்கே மடித்தல், குந்துதல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு பெரும்பாலும் கூறுவர். அதன் பின்னர் எவ்வளவு அனுமதி என்பது மூட்டின் வகையையும் சத்திரசிகிச்சை முறையையும் பொறுத்தது. எனவே உயர்ந்த மலசலகூட இருக்கை, உயரமான கட்டில், சகனுக்குப் பதிலாக மேசை ஆகியவற்றை வீட்டார் முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் நன்று. நின்று தொழ இயலாதோர் இருந்தும், அதுவும் இயலாதோர் படுத்தும் தொழலாம் என்பது இஸ்லாம் தெளிவாக வழங்கியுள்ள சலுகை. ஆதலால் கதிரையிலிருந்து தொழுபவர் குறையுள்ள தொழுகை தொழுகின்றோம் என வருந்தவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் நோயாளி சத்திரசிகிச்சைக்கு முன்னரே, தம் சொந்த மொழியில் அறிதல் வேண்டும். தாம் எவ்வாறு உண்கிறார், தொழுகிறார், உழைக்கிறார் என்பதை வைத்தியரிடம் அவரும் கூறவேண்டும். இலவசச் சிகிச்சை என்பது கட்டணமின்மை மட்டுமன்று. மூட்டின் விலையும் பயணத்தின் தொலைவும் மொழியின் தடையும் நீங்கினாலன்றி, 1951 இல் வகுத்த கொள்கை இக்கரையிற் படுத்திருக்கும் முதியவரை எட்டியதாகாது என்பதே நம் துணிபு.