செக்ரோலும் நகராத பெயரும்

2017ஆம் ஆண்டு ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்ட அலுவலகத்தில் முற்பகல் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது. துரை மலைக்குப் போயிருந்தார். அலுவலக இளைஞர் கணனியில் எக்செல் விரிதாளைத் திறந்து, மாதத்தின் வேலைக் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தார். முதல் வாரக் கட்டங்கள் திரையில் இருந்தவரை சிக்கல் இல்லை. இருபதாம் திகதியை நோக்கி வலப்புறம் நகர்ந்ததும், இடப்புறத்துப் பெயர்கள் திரையை விட்டு மறைந்துவிட்டன. எஞ்சியவை வெறுங் கட்டங்கள். அவர் அடிமட்டம் ஒன்றைத் திரையில் கிடத்தி, வரிசை தவறாமல் இருக்கப் பார்த்தார்.

அப்போது ஜன்னலருகே ஒரு பெண் வந்து நின்றார். கையில் போன மாதத்துச் சம்பளச் சீட்டு.

"ஐயா, இருபத்தொண்ணாந் தேதி நான் வேலைக்கு வந்தேங்க. பேரு போடலீங்களே?"

தேடிப் பார்த்ததில் அவருடைய பேர் ஒரு வரி மேலே, இன்னொருவர் கணக்கில் விழுந்திருந்தது.

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு இந்தப் 'பேர்' என்ற சொல்லை விளக்கியாக வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அந்த வேலைக்குரிய கூலி. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' போடுவார்கள். ஒரு மனிதரின் பெயரே கூலியின் அளவையாக மாறியது எப்படி? காரணம் செக்ரோல் என்ற பதிவேட்டின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இடப்புறத்தில் தொழிலாளியின் எண்ணும் பெயரும். அதன் வலப்புறம் மாதத்தின் நாட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதற்கும் அப்பால் அரிசி, கம்பளி, முன்பணம் என்று கழிவுகள். காலைப் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தவருக்கு, மாலையில் அந்தப் பெயருக்கு நேரே குறி விழும். பெயர் இருந்தால் கூலி, இல்லையேல் இல்லை.

அந்த ஒரு குறியில் தொழிலாளியின் பிழைப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை. பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களில் வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் 'பென்ஸ் காசு' கிடைத்தது. தோட்டத்துக்கோ அது செலவுக் கணக்கு. ஆகவே குறி எந்த வரியில் விழுகிறது என்பதில் மூன்று தரப்புக்கும் கண் இருந்தது. ஆனால் ஏட்டைப் படிக்கத் தெரியாதவர் தொழிலாளி ஒருவரே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி வகுக்கப்பட்டது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரி தவறுவதால் வரும் இழப்பு ஒரு நாட்கூலியோடு முடிவதுமில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் 730 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மீதியில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்கு வந்திருந்தால்தான் அது கிடைக்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒருவருக்கு ஒரு பேர் விடுபட்டால், அந்த மாதத்தின் எல்லா நாட்களுக்குமான அறுபது ரூபாவும் போயிற்று. 2019 ஒப்பந்தத்தில்தான் இந்தக் கொடுப்பனவு நீங்கி, அடிப்படை 700 ரூபாவானது.

இதைவிடப் பெரிய கணக்கொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. காணி உறுதியோ வரிச்சீட்டோ இல்லாத லயன் வாசிகள் தோட்டத்து ஏட்டைத் தவிர வேறெதைக் காட்டுவது? ராமாயி ஓரிடத்தில் ராமாய், இன்னோரிடத்தில் ராமி என்று எழுதுவோர் கைக்கேற்பப் பெயர்களும் உருமாறிக்கொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பித்தார்கள். குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். எஞ்சியோரில் பெரும்பாலோரின் தலைவிதியை 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது.

பெயர் கண்ணை விட்டு மறையக்கூடாது என்பது பழைய கணக்கர்களுக்குத் தெரிந்தே இருந்தது. சில வருகைப் பதிவேடுகளில் உள்தாள்களின் ஓரத்தை வெட்டிக் குறுக்கி வைத்திருப்பார்கள். எத்தனை தாள் புரட்டினாலும் முதற் பக்கத்துப் பெயர்கள் தெரிந்துகொண்டே இருக்கும். 1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற, தனியாள் கணனிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளிலேயே, தலைப்பு வரிசைகளை நகராமல் நிறுத்தும் கட்டளை இருந்தது. எக்செலில் அதற்கு 'ஃப்ரீஸ் பேன்ஸ்' என்று பெயர்.

இளைஞரிடம் அதைச் சொன்னேன். எனக்கே பத்திரிகை அலுவலகத்தில் தேர்தல் முடிவுகளைத் தொகுத்த இரவொன்றில், ஒரு கட்சியின் வாக்குகளை இன்னொன்றுக்கு எழுதிவிட்டு விடியும்வரை விழித்த பிறகு வாய்த்த ஞானம்தான். எண் 'ஏ' நிரலிலும் பெயர் 'பி' நிரலிலும் திகதிகள் முதல் வரியிலும் இருந்தன. 'சி2' கட்டத்தில் சுட்டியை வைத்து, 'வியூ' பட்டியலில் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' கொடுக்கச் சொன்னேன். அந்தக் கட்டத்துக்கு மேலும் இடப்புறமும் உள்ளவை நின்றுவிடும், மற்றவை நகரும்.

எண் மட்டும் நின்றால் போதாதா என்று கேட்டார். பெயரும் நிற்கட்டும் என்றேன். முப்பத்தோராம் திகதி வரை நகர்த்திப் பார்த்தார், பெயர்கள் அசையவில்லை. அடிமட்டத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

ஜன்னலருகே நின்ற பெண்ணுக்கு எங்கள் வித்தையில் நாட்டமில்லை. விடுபட்ட பேருக்குரிய காசு இந்த மாதம் வருமா, அடுத்த மாதமா என்று கேட்டார்.

"அடுத்த மாசம்தாங்க அம்மா. இந்த மாசக் கணக்கு மூடியாச்சு."

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குத் திரும்பினார் அவர்.