வரிக்குதிரை மீனின் விழித்திரை

வரிக்குதிரை மீன் (டேனியோ ரெரியோ) கங்கைப் படுகை உள்ளிட்ட தெற்காசிய நன்னீர்நிலைகளில் வாழும் சிறு மீன். பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதை விவரித்தார். மீன்தொட்டிக் கடைகளில் ‘ஜீப்ரா’ என்று விற்கப்படும் இது, விழித்திரை நரம்பு செல்களின் வளர்ச்சியை அறிய உலகெங்கும் பயன்படுகிறது. கரு ஒளி ஊடுருவும் தன்மையுடையதால், கண் உருவாவதை உயிருள்ள மீனிலேயே நுண்ணோக்கியால் பார்க்க முடியும்.

அமைப்பு
வெளி அடுக்கில் ஒளியுணரும் குச்சி, கூம்பு செல்கள். நடு அடுக்கில் கிடைமட்ட, இருமுனை, அமாக்ரைன் செல்கள். லென்சை ஒட்டிய உள் அடுக்கில் கேங்லியான் செல்கள். முல்லர் செல்கள் இவ்வடுக்குகளின் ஊடே நீண்டு அவற்றைத் தாங்குகின்றன. மனிதருக்குக் கூம்பு செல்கள் மூன்று வகை. இம்மீனுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், புறஊதா என நான்கு. வளர்ந்த மீனில் இவை கோலப்புள்ளிபோல் வரிசை பிசகாமல் அமைந்திருக்கும்.

வளர்ச்சி
கருவுற்ற 24 மணி நேரத்தில் கண்கிண்ணம் உருவாகிவிடும். நரம்பு செல்களில் முதலில் தோன்றுபவை கேங்லியான் செல்கள். மூன்றாம் நாளில் அடுக்குகள் பிரிந்து, பார்வை தொடங்குகிறது. தொடக்கத்தில் பார்வை கூம்பு செல்களையே சார்ந்தது. குச்சி செல்கள் முதிரப் பின்னும் சில வாரங்கள் ஆகும்.

செயல்பாடு
ஒளி பட்டதும் கூம்பு செல் வெளியிடும் குளூட்டமேட் குறைகிறது. அம்மாற்றத்தை இருமுனை செல்கள் கேங்லியான் செல்களுக்குக் கடத்துகின்றன. அவற்றின் இழைகள் மறுபக்க மூளையின் பார்வை மடலை அடைகின்றன. ஐந்து நாள் குஞ்சு பாரமீசியத்தை வேட்டையாடுவது பெரும்பாலும் புறஊதாக் கூம்புகளின் துணையால்தான்: நீரில் அவ்வுயிரி புறஊதா ஒளியைச் சிதறடித்து, சுற்றுப்புறத்திலிருந்து பளிச்செனத் தனித்துத் தெரிகிறது.

மீளுருவாக்கம்
விழித்திரையின் விளிம்பிலுள்ள தண்டுசெல்கள் மீன் வளர வளரப் புதிய நரம்பு செல்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. விழித்திரை காயப்பட்டால் முல்லர் செல்களே முன்னோடி நிலைக்குத் திரும்பிப் பிளவுற்று, இழந்த செல்களை ஈடுசெய்கின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்மன் ஆய்வகத்தில் பணியாற்றிய ராஜேஷ் ராமச்சந்திரன், இந்த மீளுருவாக்கத்தில் ஆஸ்கெல்1ஏ, லின்-28 ஆகிய மரபணுக்களும் லெட்-7 என்னும் நுண்ஆர்என்ஏவும் வகிக்கும் பங்கை 2010இல் சகஆய்வாளர்களுடன் விளக்கினார்; பின்னர் மொகாலியிலுள்ள ஐசர் நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

மனித விழித்திரையிலும் முல்லர் செல்கள் உண்டு. ஆனால் காயம் பட்டால் அவை பெரும்பாலும் தழும்பையே உண்டாக்குகின்றன. இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கண்டறிந்து, இழந்த பார்வையை மீட்க வழி தேடுவதே மீன் விழித்திரை ஆய்வின் முக்கிய மருத்துவ நோக்கம்.