லைனிலேயே இரு: சர்வர் தானாகப் பேசக் கற்றுக்கொண்ட கதை

2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். போன் ஓயாமல் அடித்த காலம் அது. 40 வருடம் கழித்து அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து வசந்த மண்டபத்தில் எழுந்தருளியிருந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். வெளியூர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று எங்கள் நினைவு வந்துவிட்டது.

"என்னப்பா, இப்ப கூட்டம் எப்டி இருக்கு? கெளம்பலாமா?"

திருச்சி அத்தை காலை ஆறு மணிக்குக் கேட்டார். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல அத்தை, வாங்க" என்றேன். அவர் வந்து இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. வரிசையின் வால் எங்கே என்றே தெரியவில்லை. "நீ சொன்னதை நம்பித்தானே வந்தேன்" என்று வருத்தப்பட்டார். நான் சொன்னது பொய்யில்லை. பழசு, அவ்வளவுதான்.

ஜூலை 18 அன்று அது வெறும் வருத்தத்தோடு முடியவில்லை. கூட்ட நெரிசலுக்கு நடுவே நான்கு பேர் இறந்துபோனார்கள். அன்று மதியம் எனக்கு உறைத்த விஷயம் இது: கிளம்பலாமா என்று காலையிலேயே கேட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் பஸ்ஸில் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி கேட்கப் போவதில்லை. நானாகத்தான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இன்னிக்கு வேண்டாம், திரும்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

ஒரு வெப் சர்வரால் இதைச் செய்ய முடியாது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காமல் வாய் திறக்காது. இணையத்தின் அடிப்படை விதியே அதுதான். அந்த விதியை உடைக்காமல் வளைத்து, சர்வரைத் தானாகப் பேச வைத்த முயற்சிகளின் வரலாற்றை ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன்.

முதலில், அந்த விதி ஏன் வந்தது? 1990-91இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெப்பை உருவாக்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது ஆவணங்களைப் பகிர ஒரு வழி. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் கொடுக்கும், கனெக்‌ஷனைத் துண்டிக்கும். யார் வந்தார், என்ன கேட்டார் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளாது. இது குறையில்லை, புத்திசாலித்தனம். மறந்துவிடுவதால்தான் ஒரு சின்ன சர்வரால் ஆயிரம் பேரைக் கவனிக்க முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. டயல்-அப்பில் வருகிறவருக்கு நிலையான முகவரி கிடையாது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டவர் மாதிரி. திருப்பிக் கூப்பிட நம்பர் ஏது?

ஆவணங்களுக்கு இது போதும். மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்களுக்குப் போதாது. கேம்பிரிட்ஜில் ஒரு காபி பாத்திரத்தைப் படம் பிடித்துக் காட்டிய கேமராவை 1993 நவம்பரில் வெப்போடு இணைத்தார்கள். உலகமே எட்டிப் பார்த்தது. ஆனால் பக்கத்தில் தெரிவது அந்த நொடியின் படம் மட்டும்தான். இப்போது காபி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மறுபடி கேட்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வெப்புக்கு முன்பே இதற்கு வழி இருந்தது. 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையில் கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். ஒருவர் டைப் செய்தால் எல்லோர் திரையிலும் வந்து விழும், யாரும் ரெஃப்ரெஷ் பண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் கிரிக்கெட் ஸ்கோருக்காகத் தவித்த காலம் அது. மேட்ச் பார்க்கிற யாரோ ஒருவர் பந்துக்குப் பந்து டைப் செய்ய, மற்றவர்கள் வரி வரியாகப் படித்தார்கள். அந்த ஐ.ஆர்.சி. உலகத்திலிருந்து, 1993இல் சைமன் கிங் தொடங்கியதுதான் கிரிக்இன்ஃபோ. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன பத்ரி சேஷாத்ரி அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். பிற்பாடு கிழக்கு பதிப்பகம் தொடங்கினாரே, அதே பத்ரிதான். தமிழ் வாசகர்கள் பலருக்கு அவரைப் பதிப்பாளராகத்தான் தெரியும்.

ஆக, நேரடி ஸ்கோர் பிறந்தது திறந்த லைனில். வெப்புக்கு மாறியபோது அது ஒரு படி பின்னுக்கு வந்தது. படம், வண்ணம், அட்டவணை எல்லாம் கிடைத்தன, ஆனால் ஸ்கோர் தானாக வரும் வசதி போய்விட்டது.

1995இல் நெட்ஸ்கேப் 1.1 இரண்டு மாற்று வழிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, இத்தனை நொடிக்கு ஒருமுறை பக்கத்தைத் திரும்ப எடு என்று பக்கத்திலேயே எழுதிவைப்பது. இன்னொன்று சர்வர் புஷ்: சர்வர் பதிலை முடிக்காமல், ஒரு பகுதியை அனுப்பிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அதற்குப் பதிலாக அடுத்த பகுதியை அனுப்பும். அந்த இரண்டாவது வழியில்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இருந்தது. பேச ஆரம்பிக்க சர்வருக்கு அனுமதி இல்லை. சரி, ஆனால் ஒருமுறை கேட்ட கேள்விக்கான பதிலை முடிக்காமலே இழுத்துக்கொண்டு போகலாமே! விதி அப்படியே இருக்கிறது, சர்வரும் பேசிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் பரவியது முதல் வழிதான். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஸ்கோர் பார்த்தது முழுக்க எஃப் 5 பட்டனை அழுத்தித்தான். ஒரு ரன் கூடியதா என்று தெரிய மொத்தப் பக்கமும் விளம்பரத்தோடு திரும்ப இறங்க வேண்டும். பாதி தடவை ஸ்கோர் மாறியிருக்காது. மாறிய தடவை விக்கெட் போயிருக்கும்.

1999இல் மைக்ரோசாஃப்ட் தன் மெயில் பக்கத்துக்காக இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் ஒரு சின்ன வசதி சேர்த்தது. பக்கம் முழுவதையும் மாற்றாமல், பின்னாலிருந்து கொஞ்சம் தகவலை மட்டும் கேட்டு வாங்கலாம். 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். கேட்பது மலிவானது. ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பது மாறவில்லை.

அதன்மேல் வந்ததுதான் லாங் போலிங். பிரவுசர் கேட்கும், சொல்ல ஒன்றும் இல்லையென்றால் சர்வர் "இல்லை" என்று சொல்லாமல் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஏதாவது நடந்தால் உடனே பதில். பதில் வந்த கையோடு பிரவுசர் அடுத்த கேள்வியை அனுப்பிவிடும். "போனை வெச்சிடாத, லைன்லயே இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பதுதான் இது. 2006இல் ஜிமெயிலுக்குள் அரட்டை வந்தது இப்படிப்பட்ட தந்திரங்களால்தான். அதே வருடம் அலெக்ஸ் ரஸல் இந்த வகைக்கு காமெட் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் அஜாக்ஸும் காமெட்டும் பாத்திரம், தரை சுத்தம் செய்யும் பவுடர்களின் பெயர்கள். வேண்டுமென்றேதான் அந்தப் பெயர்.

சரி, வழி 1995லேயே தெரிந்திருந்தது என்றால் ஏன் பத்து வருடத்துக்கு மேல் ஆனது? காரணம் செலவு. ஒரு அத்தை லைனில் காத்திருந்தால் சமாளிக்கலாம். நாற்பது பேர் காத்திருந்தால்? அந்தக் காலத்து வெப் சர்வர்கள் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனியாக ஒரு வேலையாளை ஒதுக்கும். லைனில் ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறவருக்கும் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 1999இல் டான் கெகல் என்பவர் இதை ஒரு கேள்வியாக முன்வைத்தார்: ஒரே சர்வரால் ஒரே நேரத்தில் 10,000 பேரை எப்படிக் கவனிப்பது? லினக்ஸில் ஈபோல் என்ற வசதி வந்தது, 2004இல் இகோர் சிசோயெவின் எஞ்சின்எக்ஸ் வெளிவந்தது, 2009இல் ரயன் டாலின் நோட் வந்தது. மூன்றிலும் அடிப்படை ஒன்றே. பத்தாயிரம் லைனுக்கு ஒரே ஆள். எந்த லைனில் சத்தம் வருகிறதோ அங்கே மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

லைனைத் திறந்து வைப்பது மலிவான பிறகுதான் முறையான ஏற்பாடுகளுக்கு அர்த்தம் வந்தது. அவை இரண்டு. ஒன்று வெப்சாக்கெட். இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பல தகராறுகளுக்குப் பிறகு (நடுவில் உள்ள புராக்ஸிகளை ஏமாற்ற வழி இருப்பது தெரிந்ததும், 2010 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸ் அதை அணைத்தே வைத்தது) 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 ஆகத் தரப்படுத்தப்பட்டது. பங்குச் சந்தை ஆப்களில் விலை துடிப்பது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

இன்னொன்று, இயான் ஹிக்ஸன் 2004 வாக்கில் எழுதிய சர்வர்-சென்ட் ஈவண்ட்ஸ். 2006இல் ஓப்பரா முதலில் சோதித்துப் பார்த்தது. இது ரொம்ப எளிமையானது. பிரவுசர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்கிறது. சர்வர் பதிலை முடிக்காமல், செய்தி வரும்போதெல்லாம் ஒரு வரி எழுதி, அடுத்து ஒரு வெற்று வரி விடுகிறது. வெற்று வரி வந்தால் ஒரு செய்தி முடிந்தது என்று பொருள். பழைய நெட்ஸ்கேப் தந்திரம்தான், ஒழுங்காக உடை உடுத்தி வந்திருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. ஒவ்வொரு செய்திக்கும் சர்வர் ஓர் எண் கொடுக்கலாம். லைன் அறுந்தால் பிரவுசர் தானாகவே மறுபடி இணைந்து, "நான் கடைசியாக வாங்கியது இந்த எண்" என்று சொல்லும். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சர்வர் அனுப்பலாம். பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு பெட்டி வைத்த தறியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நெசவாளர் டீ குடிக்க எழுந்து போனாலும் எந்த அட்டையில் நின்றதோ அந்த அட்டையிலேயே பெட்டி நிற்கும். வந்து உட்கார்ந்தால் அடுத்த இழை சரியாக விழும். அட்டை ஒன்று தள்ளிப்போனால் புட்டாவின் உருவம் கெட்டுவிடும். தறியில் அந்த நினைவு தானாக இருக்கிறது. சர்வரில் அதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அனுப்பிய செய்திகளைச் சேமிக்காத சர்வருக்கு எண் தெரிந்து என்ன பயன்?

ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்து நானும் திணறினேன். வீட்டு மெஷினில் செய்திகள் நொடிக்கு ஒன்றாக வந்தன. வெளியே ஏற்றியதும் ஒரு நிமிடம் மௌனம், பிறகு அறுபதும் மொத்தமாக வந்து விழுந்தன. நடுவில் இருந்த புராக்ஸி, பதில் முடியட்டும் என்று நல்லெண்ணத்தோடு சேர்த்து வைத்திருந்தது. முடியாத பதில் ஒன்று இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சேமிப்பை அணைத்ததும் சரியானது.

இனி ஒரு முரண். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்ததாக அந்த நிறுவனம் சொன்னது. இவ்வளவு பெரிய நேரலைக்கு சர்வர் தானாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்றுதானே நினைப்போம்? இல்லை. இணையத்தில் நேரலை வீடியோ பெரும்பாலும் சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, போன் ஒவ்வொரு துண்டாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிறது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை இந்த வகைதான். எல்லோரும் கேட்பது ஒரே துண்டு என்பதால், அதை ஊருக்கு ஊர் பிரதி எடுத்து வைத்துவிடலாம். கோடிப் பேருக்கு லைன் திறந்து வைப்பதைவிட இது மலிவு. விலை, சில நொடித் தாமதம். பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் சத்தம் கேட்ட பிறகுதான் நம் போனில் பந்துவீச்சாளர் ஓடி வருவார்.

அதே காலத்தில், வெப்சாக்கெட்டின் நிழலில் மறந்துபோயிருந்த சர்வர்-சென்ட் ஈவண்ட்ஸ் திரும்பி வந்தது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பதில் சொல் சொல்லாகத் திரையில் ஊர்ந்து வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இத்தகைய சேவைகள் பலவும் பயன்படுத்துவது ஹிக்ஸன் எழுதிய அதே வரி, வெற்று வரி முறையைத்தான். ஒரு கேள்வி, முடியாமல் நீளும் ஒரு பதில். அதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்த முப்பது வருடக் கதையில் எது வென்றது என்று கேட்டால் எதுவும் வெல்லவில்லை என்பேன். ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: தகவல் பழசானால் யாருக்கு நஷ்டம், லைனைத் திறந்து வைக்கும் செலவு யாருடையது? காபிக்கு ரெஃப்ரெஷ் போதும். மேட்சுக்குச் சில நொடி தாமதிக்கலாம். நெரிசலுக்கு முடியாது.

அந்த ஜூலை 18க்குப் பிறகு நான் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து எல்லோரையும் அதில் சேர்த்தேன். கேட்காமலே, மணிக்கொரு முறை தெருமுனை நிலவரத்தைப் போட்டேன். அத்தை மட்டும் கடைசிவரை போன்தான். "அதெல்லாம் எனக்குப் பாக்கத் தெரியாது, நீ கூப்பிட்டுச் சொல்லு" என்றார். கூப்பிட்டுச் சொன்னேன்.