பாவு எது, ஊடை எது? ஓர் இடைக்கச்சையின் மூன்று பெயர்கள்

கியூபெக் நகரின் குளிர்காலத் திருவிழாவில் 1955 முதல் உலா வரும் பனிமனிதன் பொனோம் சிவப்புத் தொப்பி அணிந்து, இடையில் பல நிறக் கம்பளிக் கச்சை ஒன்றைக் கட்டியிருப்பான். 1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் முதிய போராளியை ஓவியர் ஆன்ரி ஜூலியன் வரைந்தபோது, அவர் இடையிலும் இதே கச்சையைக் கட்டினார். அந்த ஓவியத்தை 1970 அக்டோபரில் கியூபெக் விடுதலை முன்னணி தன் அறிக்கைகளில் பதித்தது. மேற்கே மனிடோபாவுக்குச் சென்றால், அக்கச்சை மேட்டி மக்களின் அடையாளம். ஐரோப்பிய வணிகர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்தோரின் வழிவந்து, தனி இனமாக உருவான மக்கள் அவர்கள். 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அவர்களைக் கனடாவின் பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினராக ஏற்றது.

ஒரே கச்சைக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. பிரெஞ்சில் ‘சேன்த்யூர் ஃப்ளேஷே’, அதாவது அம்பு வடிவமிட்ட கச்சை. இது வடிவத்தால் வந்த பெயர். ‘லஸோம்ப்ஸியோன் கச்சை’ என்பது மான்ட்ரியாலுக்கு வடகிழக்கிலுள்ள ஓர் ஊரால் வந்தது. ‘மேட்டி கச்சை’ அணிந்தவரால் வந்தது. செய்தவர் யார் என்பதை இம்மூன்றும் சொல்வதில்லை. கச்சை யாருடையது என்ற வழக்கு இப்பெயர்களை வைத்தே நடந்துவருவதால், இந்த விடுபடலைச் சிறியதாகக் கொள்ள இயலாது.

அது செய்யப்படும் முறையிலிருந்து தொடங்குவதே நல்லது. இதற்குத் தறி கிடையாது. ஒரு குச்சி, இழைகளை இழுத்துக் கட்ட ஓர் ஆணி, பத்து விரல்கள் ஆகியவையே கருவிகள். நன்கு முறுக்கேற்றிய கம்பளி இழைகளை நிற வரிசைப்படி அடுக்கி, அவற்றின் நடுப்பகுதியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுவர். வேலை கச்சையின் நடுவிலிருந்து தொடங்கும். ஒரு முனை வரை சென்றபின் திருப்பிப் போட்டு மறுமுனைக்குச் செல்லும். மிக எளிய வகையில், இடது ஓரத்து இழையை எடுத்து, அடுத்த இழையின் மேலும் அதற்கடுத்ததன் கீழுமாக வலது ஓரம் வரை செலுத்தி, அங்கே மற்றவற்றோடு தொங்கவிடுவர். பிறகு, புதிதாக இடது ஓரத்தில் நிற்கும் இழையின் முறை. இம்முறை மேலிருந்தவை கீழாகவும் கீழிருந்தவை மேலாகவும் மாறவேண்டும். இவ்வாறு ஒவ்வோர் இழையும் ஒருமுறை குறுக்கே பயணம் செய்து, பின் நெடுக்கே தொங்கும் கூட்டத்தில் சேர்கிறது. நிறக்கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. ஓரத்தை விட்டு நடுவிலிருந்து இருபுறமும் இழைகளைச் செலுத்தினால் கூர்முனை வடிவம் கிடைக்கும்.

அம்பு வடிவம் இதைவிடக் கடினமானது. குறுக்கே செல்லும் சிவப்பு இழை நீலப் பகுதியின் எல்லையை அடைந்ததும் அங்கே நின்றுவிடும். நீலப் பகுதியின் முதல் இழையோடு ஒருமுறை கோத்துக்கொண்டு, தான் நெடுக்கிழையாகத் தொங்கும். அந்த நீல இழை குறுக்கிழையாகிப் பயணத்தைத் தொடரும். அடுத்த நிற எல்லையிலும் இதே கைமாற்றம். சில நூறு இழைகள் கொண்ட கச்சையில், ஒரே வரிசையில் இது பலமுறை நிகழும். ஒரு கோர்வை தவறினால் அம்பின் முனை உடைந்து தெரியும். இதற்கிடையே, மேலே பின்னப் பின்ன, கீழே தொங்கும் பகுதியும் தானாகவே பின்னிக்கொள்ளும். அதை ஓயாமல் பிரித்து நேராக்க வேண்டும். வேலை நேரத்தில் கணிசமான பங்கு பின்னுவதில் அல்லாமல் சிக்கெடுப்பதில் கழிகிறது என்பது செய்முறை நூல்களை மட்டும் படிப்பவருக்குத் தெரியவராது. நேர்த்தியான ஒரு கச்சை சில நூறு மணிநேர உழைப்பைக் கேட்கும்.

இதனை எந்த வினைச்சொல்லால் குறிப்பது? பிரெஞ்சும் ஆங்கிலமும் ‘விரல் நெசவு’ என்கின்றன. ஆனால் நெசவு என்றதும் பாவும் ஊடையும் தனித்தனி என்ற எண்ணம் உடன் வந்துவிடுகிறது. இங்கே எந்த இழையும் பிறப்பால் பாவு அல்ல, ஊடையும் அல்ல. ஒவ்வொன்றும் முறைவைத்து இரண்டு வேலையையும் செய்கிறது. ஐரீன் எமரி 1966இல் வெளியிட்ட துணிக் கட்டமைப்புகள் பற்றிய நூலில், இழைத் தொகுதிகளின் எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தி, இத்தகையவற்றை ஒரே தொகுதி இழைகளின் சாய்வுப் பின்னல் எனத் தறித்துணியிலிருந்து பிரித்தார். தமிழில் துணியை நெய்கிறோம், கூந்தலைப் பின்னுகிறோம், ஓலையை முடைகிறோம். இவற்றுள் முடைதலே இதற்கு நெருங்கிய சொல் எனத் தோன்றுகிறது.

இத்திறன் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்தது என்பது ஒரு தரப்பு. பெரும் ஏரிப் பகுதிப் பூர்வகுடிகளின் விரல்வேலையும் ஐரோப்பாவின் கம்பளி இழையும் சந்தித்த இடத்தில் பிறந்தது என்பது மறுதரப்பு. அம்புக் கச்சைக்குரிய கோர்வை கனடாவில் முதிர்ந்தது என்றாலும், விரலால் சாய்வாகப் பின்னும் வழக்கம் எந்த ஒரு மக்களுக்கும் தனியுரிமை ஆகாது. ஓசேஜ், செரோக்கி மக்களிடமும் அது வாழும் கலையே.

கச்சையைப் பெருஞ்சரக்காக்கியது மென்மயிர் வணிகம். ஒவ்வொன்றும் 90 பவுண்டு எடையுள்ள மூட்டைகள் இரண்டைச் சேர்த்து முதுகில் சுமந்து, ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு நடந்த படகோட்டிகள் அதை இடையில் இறுகக் கட்டினர். குளிர்காற்று புகாமல் மேலங்கியை மூடிவைக்கவும் அதுவே உதவியது. கயிறு, துண்டு, சேணவிரிப்பு, தையல்நூல் என இன்று அடுக்கப்படும் பயன்பாட்டுப் பட்டியலைச் சற்று ஐயத்தோடு படிப்பது நன்று. பல வாரங்கள் உழைத்து முடைந்த ஒன்றைக் குதிரை முதுகில் விரித்தவர் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. வணிக நிறுவனங்களின் தேவைக்காக லஸோம்ப்ஸியோன் வட்டாரத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே கச்சைகளைச் செய்து கொடுத்தனர். மேற்கே அவை சரக்காகவே சென்றன. அணிந்தவர்களின் பெயர்கள் நிறுவன ஏடுகளில் ஊதியக் கணக்கோடு உள்ளன. முடைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹட்சன் பே நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் விசைத்தறியில் நெய்த போலிகளை வரவழைத்தது. சில நூறு மணிநேரக் கைவேலை அந்த விலையோடு போட்டியிட இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆவணக் காப்பாளர் மாஸிகோத்தும், பின்னர் மானிடவியலாளர் மாரியுஸ் பார்போவும் இதைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, செய்முறை அறிந்தோர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தறிக்கச்சையில் இழைகள் ஓரத்துக்கு இணையாக நேரே ஓடும். விரலால் முடைந்ததில் ஓர் இழையைக் கண்ணால் தொடர்ந்தால், அது சாய்ந்து, கோத்து, திசைமாறிச் செல்லும். இந்த அளவுகோலைக் கொண்டு, இன்றைய மேட்டி விழாக்களில் அணியப்படும் கச்சைகளுள் பெரும்பாலானவை தறியில் நெய்தவை என்று சுட்டி, அவ்வடையாளமே போலி என வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. மேட்டி மக்கள் அக்கச்சையை ஒருபோதும் தாமே முடைந்த பொருளாக மட்டும் உரிமை கோரவில்லை. அதைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த வரலாற்றையே கோருகின்றனர். லஸோம்ப்ஸியோன் பெண்களின் கோரிக்கை வேறு. அது எவர் அடையாளத்தையும் மறுப்பதன்று. அருங்காட்சியகத்தின் விவரச்சீட்டில் வடிவம், ஊர், அணிந்தவர் எனப் பதிந்தபின், செய்தவர் என்ற கட்டமும் இருக்கவேண்டும். பெயர் கிடைக்காத இடத்தில் அது வெற்றிடமாகவாவது தெரியவேண்டும்.